கேஸ் ஆபீஸ்

பிப்ரவரி 3, செவ்வாய். குற்றாலம்

காலையில் நல்ல பனி. மெயின் அருவியில் நூல் மாதிரி தண்ணீர். ஐயப்பசாமி கூட்டம் ஓய்ந்துவிட்டது. லாட்ஜில் இருபத்திரண்டு அறை, மூன்றில்தான் ஆள். மெத்தைகளை மொட்டை மாடியில் காயப் போடச் சொன்னேன். போர்வை எண்ணிக்கை சரி. தலையணை ஒன்று குறைகிறது. தலையணையைக் கூடவா தூக்கிக்கொண்டு போவார்கள்.

முதலாளியிடம் பத்து நாள் லீவு கேட்டேன். முப்பத்து நாலு வருஷ மேனேஜர் வேலையில் இதுதான் முதல் தடவை. "எங்கன போறீரு?" என்றார். அந்தமான் என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார்.

என் சம்சாரம் வடிவு போய் இன்றோடு நாற்பத்தொரு நாள்.

எடுத்துப்போக: வேட்டி 3, சட்டை 4. பிரஷர் மாத்திரை. ஆதார். துண்டு (அங்கே கொடுக்கும் துண்டு எப்படி இருக்குமோ). இலஞ்சிக் கோயில் திருநீறு ஒரு பொட்டலம். நேந்திரங்காய் சிப்ஸ், கோமதிக்குப் பிடிக்கும், பிடித்திருந்தது. வடிவின் ஃபோன், சார்ஜர்.

ஃபோன் விஷயத்தை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும். யாரிடமும் சொல்ல முடியாது.

வடிவு இறந்த அன்று அவள் ஃபோனை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சொந்தக்காரர்கள் கூப்பிடுவார்கள் என்று. தினமும் ஒரு எண்ணிலிருந்து அழைப்பு. திரையில் ‘கேஸ் ஆபீஸ்’ என்று வரும். இழவு வீட்டில் சிலிண்டரா முக்கியம் என்று எடுக்கவில்லை. வீட்டில் வைத்து மதினி கேட்டாள், "மகளுக்குச் சொல்லலியா?" என்று. நம்பர் இல்லை என்றேன். நம்பர் என் நெஞ்சுக்கு மேலேயே அடித்துக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் தொல்லை தாங்காமல் எடுத்தேன். அந்தப் பக்கம் பேசுவதற்குள் நானே சொன்னேன்: "எம்மா, இந்த ஃபோனுக்குச் சொந்தக்காரி போய்ட்டா. ஒம்பது நாள் ஆச்சு. இனி சிலிண்டர் கொண்டாராண்டாம். சும்மா சும்மா அடிக்காத." பதில் இல்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும். பிறகு கட். மரியாதை தெரியாத பிள்ளை, ஒரு வார்த்தை வருத்தம் கூடச் சொல்லவில்லை என்று நினைத்தேன்.

ஜனவரியில் கனெக்‌ஷனை என் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. அந்த எண்ணைத் தேடினேன். வாட்ஸப்பில் அதற்கு ஒரு படம் இருந்தது. தென்னை மரம், நீலப் பெயின்ட் அடித்த வீடு, வாசலில் கோமதி.

என் மகளுக்கு அவள் அம்மா இறந்ததை அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். சிலிண்டர் வேண்டாம் என்று.

பிப்ரவரி 4, புதன். தென்காசி ஸ்டேஷன்

சாயங்காலம். வெயில் இறங்கவில்லை. ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டேன். பக்கத்து பெஞ்சில் ஒரு குடும்பம், சுந்தரபாண்டியபுரத்துக்காரர்கள். "சீசன்ல சூரியகாந்தி பாக்க வாரவன் பூவப் பாத்துட்டுப் போனாப் போதாதா, வயல மிதிச்சுல்லா போட்டோ எடுக்கான்" என்று அந்த அம்மா யாரிடமோ ஃபோனில் சத்தம் போடுகிறாள்.

கோமதிக்கு நேற்று ஒரு செய்தி அனுப்பினேன். ‘8-ம் தேதி வருகிறேன். அப்பா.’ என் ஃபோனிலிருந்துதான் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் வரவில்லை.

வரக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. என்னை வாசலில் நிறுத்தி அனுப்பினால்? அனுப்பலாம். அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. ஏன் என்று எழுதினால்தான் இந்த டைரிக்கு மரியாதை.

பதினொரு வருஷத்துக்கு முன் ஸ்டீபனோடு போனாள். சீசனுக்கு வேன் ஓட்டிய பையன். வேற ஆளுக, வேற சாமி. பேச்சை அறுத்தேன். அவர்கள் அந்தமான் போய்விட்டார்கள் என்று பஜாரில் கேள்விப்பட்டேன்.

எட்டு வருஷத்துக்கு முன், ஆனி மாசம், நல்ல சாரல். சீசன் உச்சம். வடிவு கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருந்தாள். கவுன்ட்டர் முன்னால் ஒருத்தி நனைந்து போய் நிற்கிறாள், கையில் ஒரு பை. கோமதி. ஸ்டீபனைக் கூட்டி வரவில்லை, என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று தனியாக வந்திருக்கிறாள்.

"வீட்டுக்குள்ள விடமாட்டீய, தெரியும்ப்பா. இங்கன ஒரு ரூம் குடுங்க. அம்மாவ ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதேன்."

எனக்குப் பின்னால் போர்டு. நானே எழுதியது. ‘தனி நபருக்கு அறை கிடையாது.’ குற்றாலத்தில் பாதி லாட்ஜில் இருக்கும். தனியாக வந்த ஒருவர் ஒரு காலையில் கதவைத் திறக்கவே இல்லை. போலீஸ், கோர்ட்டு என்று இரண்டு வருஷம் அலைந்தேன். அதற்கப்புறம் எழுதி மாட்டினேன். தனியாக வருகிறவன் முகத்தைப் பார்த்தாலே பயம்.

அந்த போர்டைக் கையால் காட்டினேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை.

அவளும் அதைப் படித்தாள். சின்ன வயசில் அந்தக் கவுன்ட்டரில் உட்கார்ந்து ரிஜிஸ்டரில் கோடு போட்டுக் கொடுத்தவள். தலையை ஆட்டிவிட்டு தென்காசி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். வடிவிடம் நான் சொல்லவில்லை. வடிவும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாது என்று எட்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரயில் வந்துவிட்டது.

பிப்ரவரி 6, வெள்ளி. போர்ட் பிளேர்

நேற்று சென்னையிலிருந்து பிளேன். காது அடைத்தது, இன்னும் விடவில்லை. வேர்வை. கடல் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலம். பார்க்க வேண்டும் என்று வடிவு சொன்னதே இல்லை. ஆசை இல்லாமலா இருந்திருக்கும்.

தங்கிய லாட்ஜ்: படுக்கை விரிப்பு சுத்தம். பக்கெட் உண்டு, மக் இல்லை. ஜன்னல் கொக்கி உடைசல். குழாய் கசிவு. நானாக இருந்தால் அந்த அறையைப் பூட்டி வைத்திருப்பேன்.

காலை ஆறு மணிக்கே படகுத்துறையில் டிக்கெட் வரிசை. ஃபாரம், ஆதார் நகல். பாதிப் பேர் தமிழ்தான் பேசுகிறார்கள். எனக்கு முன்னால் நின்றவர் திருச்சிக்காரர், புதுசாகக் கல்யாணம் ஆனவர். அவர் மனைவி: "அங்கிள் தனியாவா டூர் வந்திருக்கீங்க?" ஆமாம் என்றேன். "பாவம்" என்று புருஷனிடம் மெதுவாகச் சொன்னாள். என் காது அடைத்திருந்தது, ஆனாலும் அது கேட்டது.

நீல் தீவுக்கு நேரே போகும் போட்டில் இடம் இல்லை. நாளை ஹேவ்லாக், அங்கே ஒரு ராத்திரி, ஞாயிறு காலை நீல். டிக்கெட் கிடைத்தது. கோமதி வீட்டு வாசல் போர்டில் ‘ரூம் கிடைக்கும்’ என்று மூன்று பாஷையில் எழுதியிருக்கிறது, அடியில் நீல் தீவு என்று ஊர்ப் பெயர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தமிழ் எழுத்து அவள் கையெழுத்துதான், ‘கி’ போடும்போது மேல்சுழியை இழுத்து வளைப்பாள்.

அதாவது, என் மகளும் அறை விடுகிறாள். வடிவு இதையும் என்னிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 7, சனி. ஹேவ்லாக்

போட்டில் இரண்டரை மணி நேரம். மேல்தட்டில் காற்று. மீன் ஒன்று பறந்தது, நிஜமாகவே பறந்தது. ஒரு அம்மாள் வாந்தி எடுத்தாள், என்னிடமிருந்த எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தேன்.

இறங்கினால் இடமே இல்லை. முதல் இடம் ஃபுல். இரண்டாவதும் ஃபுல். மூன்றாவது ஒரு பெங்காலி அம்மா நடத்துவது, பாக்கு மரங்களுக்கு நடுவே. இரண்டு கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே கட்டில் விரித்திருக்கிறது. என்னைப் பார்த்தாள், பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். ஹிந்தியில் ஏதோ சொன்னாள். என்னை ஏற்றி வந்த ஆட்டோக்காரர் செல்வம் ராமநாதபுரத்துக்காரர். அவர் தலையைச் சொறிந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணாச்சி. தனியா வயசான ஆளுன்னா அந்தம்மா யோசிக்குது."

எனக்குக் கோபமே வரவில்லை. அந்த அம்மாள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல முகம். பயந்த முகம். கவுன்ட்டருக்குப் பின்னால் நானும் இப்படித்தான் இருந்திருப்பேன். முன்னால் நிற்கிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் பார்க்கிறேன். பையைக் கீழே வைப்பதா, கையிலேயே வைத்திருப்பதா என்று தெரியாது. வைத்தால் உரிமை எடுத்துக்கொண்ட மாதிரி. கோமதி பையைக் கடைசிவரை கீழே வைக்கவே இல்லை.

"எதுக்கு வந்திருக்கீங்கன்னு கேக்குது" என்றார் செல்வம்.

மகளைப் பார்க்க என்றேன். பதினொரு வருஷம் கழித்து அந்த வார்த்தையை ஒரு பெங்காலி அம்மாளிடம் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. செல்வம் சொன்ன பிறகும் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள்.

செல்வம் தன் வீட்டு முன்னறையில் இடம் கொடுத்தார். பாய், தலையணை, கொசுவலை. தலையணை உறை துவைத்தது. அவர் சம்சாரம் குழம்பு வைத்து, "மக என்ன செய்யுது அண்ணாச்சி?" என்று கேட்டாள். ரூம் விடுகிறாள் என்றேன். அதற்கு மேல் எனக்குத் தெரிந்தது எதுவும் இல்லை. ஐந்தரைக்கே இருட்டிவிட்டது, நல்லவேளை, முகம் தெரியவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு. நீல்

காலை 9.40 போட். கடல் தட்டையாகக் கிடந்தது. ஒன்றேகால் மணி நேரம்.

படகுத்துறைக்கு யாரும் வரவில்லை. வருவாள் என்று நினைத்தேனா? நினைத்தேன்.

படத்தைக் காட்டிக் கேட்டேன். பஜாரைத் தாண்டி வாழைத் தோட்டம், அதற்கு அப்பால் நீல வீடு. பக்கத்தில் வரிசையாக மூன்று அறை. நடக்க இருபது நிமிஷம். துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளை விரிப்பு. இழுத்து உதறி மூலையோடு மூலை சேர்க்கிறாள், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

கோமதிக்குத் தலையில் நரை. முப்பத்தஞ்சு வயசுதான்.

பார்த்தாள். விரிப்பைக் கொடியில் போட்டு முடித்தாள். இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினாள். அப்புறம்தான் வந்தாள்.

"வாங்க."

அவ்வளவுதான். ‘ப்பா’ இல்லை.

வராந்தாவில் மேஜை. ரிஜிஸ்டரை எடுத்து என் முன்னால் வைத்தாள். "போலீஸ்ல கேப்பாங்க, எல்லாரும் எழுதணும்." எழுதினேன். பெயர். வயது 64. ஊர் குற்றாலம். எங்கிருந்து வருகிறீர்கள், ஹேவ்லாக். எத்தனை பேர், ஒருவர். வந்த காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. முப்பத்து நாலு வருஷமாக இந்தக் கட்டத்தை விடாதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்லி வந்தவன்.

"டூரிஸ்ட்னு போடுங்க. எல்லாரும் அதான் போடுதாங்க" என்றாள்.

போட்டேன்.

சாவியை எடுத்தாள். "தனி ஆளுக்கும் இங்கன குடுப்போம்" என்றாள். குத்திக் காட்டவில்லை. சும்மா தகவல் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். குத்திக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அறை: குறை சொல்ல எதுவும் இல்லை. பக்கெட், மக், சோப்பு, கொக்கி, எல்லாம் சரி. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அடுக்களை.

மத்தியானம் ஸ்டீபன் வந்தார். ஜீப் ஓட்டுகிறார். "வாங்க மாமா" என்றார். கையைப் பிடித்துக்கொண்டார், நான் விடுவித்துக்கொள்ளவில்லை. இந்த ஆளைப் பதினொரு வருஷத்துக்கு முன் என்னவெல்லாம் சொன்னேன். பிள்ளை இல்லையாம். திருநீற்றுப் பொட்டலத்தைக் கொடுக்கலாமா என்று யோசித்து வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 9, திங்கள். நீல்

விடிகாலை ஒரு தூறல், உடனே வெயில். புட்டு, பயறு. புட்டுக்குச் சீனி வைத்திருந்தாள், எனக்குச் சீனிதான் வேண்டும் என்று ஞாபகம் இருக்கிறது.

11 மணி இருக்கும். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் வராந்தாவில். அவளாகப் பேசினாள். நாக்கு மட்டும் ஊரை விட்டு வரவே இல்லை.

"கடைசில ரொம்பக் கஷ்டப்பட்டாளா?"

இல்லை, காலையில் காபி போட எழுந்தவள் அடுக்களையிலேயே சாய்ந்துவிட்டாள், ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்தது, நான் அப்போது லாட்ஜில் இருந்தேன், சாமிகள் கூட்டம் என்றேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. கேஸ் ஆபீஸ் என்று நினைத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும். அம்மாதான் சொன்னா, அந்தப் பேர்லதான் போட்டு வச்சிருக்கேன்னு. சிரிப்போம்." கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆனா உங்க குரல்ல கேட்டப்போ, நெசமாவே யாரோ வேற ஆளு வீட்டுக்கு அடிச்சிட்டமோன்னு நினைச்சேன். நினைக்கணும்னு நினைச்சேன்."

ஒரு தண்டை ஒடித்துப் போட்டுவிட்டு: "தெனம் பதினொன்னு பத்துக்குப் பேசுவா. நீங்க கேட்டீயன்னு சொல்லித்தான் ஆரம்பிப்பா. அப்பா கேட்டாருட்டி, நீ சாப்ட்டியான்னு கேட்டாருன்னு."

நான் ஒரு நாள் கூடக் கேட்டதில்லை.

வடிவு என் பெயரில் சொன்னவை, கோமதி சொன்ன வரிசையில்:
தினமும் சாப்பிட்டாளா என்று கேட்டது.
தீபாவளிக்கு அவளுக்கு ஒரு சேலை எடுத்து பீரோவில் வைத்தது.
முதல் சாரல் விழுந்தால் அன்று சோறு இறங்காமல் எழுந்து போவது.
லாட்ஜ் போர்டைக் கழற்றியது.

ஒன்றும் நிஜம் இல்லை. ஒன்று கூட.

"எல்லாம் உண்மையா?" என்று அவள் கேட்கவில்லை. நான்தான் "ஆமா" என்றேன். செத்துப்போனவளைப் பொய்க்காரி ஆக்கக் கூடாது என்று சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா, தெரியவில்லை. பிரஷர் மாத்திரை போட்டேன்.

சாயங்காலம் கடற்கரைப் பக்கம் தனியாகப் போனேன். சங்கு பொறுக்கக் கூடாதாம், போர்டு இருக்கிறது.

பிப்ரவரி 10, செவ்வாய். நீல்

வெயில். நாளை காலை போட்டில் திரும்ப வேண்டும். டிக்கெட்டை ஸ்டீபன் வாங்கி வந்துவிட்டார். சிப்ஸ் பொட்டலம் இன்னும் என் பையில்.

காபி கொடுக்க வந்தவளை நிறுத்தினேன். இதைச் சொல்லாமல் போட் ஏறினால் வடிவு என்னை விடமாட்டாள்.

"போர்டு அங்கனதான் இருக்கு. கழத்தல. மத்ததும் எதுவும் நான் சொல்லலம்மா. உங்கம்மாதான் அவளாச் சொன்னது."

டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"தெரியும்ப்பா."

வந்த மூன்று நாளில் முதல் ‘ப்பா’.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி செங்கோட்டைக்காரங்க இங்கன வந்து தங்குனாங்க. குத்தாலத்துல தனி ஆளுக்கு ரூம் கிடையாதுங்காங்கன்னு உங்க லாட்ஜ் பேரச் சொல்லித்தான் ஏசுனாங்க. அன்னைக்கே தெரியும். அதுக்கு முன்னாலயும் தெரியும். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராதுல்லா, உங்க பேச்சு வந்தா மட்டும் வேகமாப் பேசுவா."

"பின்ன ஏன் கேட்டுக்கிட்டிருந்த?"

"பொய்யின்னு தெரிஞ்சாலும் பதினொன்னு பத்துக்கு அதக் கேக்கணும் போல இருக்கும்." டம்ளரை வைத்தாள். "இப்ப அதுவும் இல்ல."

அடுக்களைக்குப் போய்விட்டாள். பாத்திரம் தேய்க்கும் சத்தம். அறையில் வந்து உட்கார்ந்தேன். மணி 10.35. துணிகளை மடித்தேன். மறுபடி பிரித்து மடித்தேன். 10.50. திருநீற்றுப் பொட்டலத்தை மேஜை மேல் வைத்தேன், அவர்கள் கண்ணில் படட்டும். வடிவின் ஃபோன் சார்ஜரில். 100 காட்டியது.

11.10. அதை எடுத்து ‘கேஸ் ஆபீஸ்’ போட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. அவள் ஃபோனில் ‘அம்மா’ என்று வந்திருக்கும். அடித்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. கட் பண்ணிவிடலாமா என்று கை போனது. பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. நாலு தரம் அடித்தது. ஐந்தாவதில் எடுத்தாள்.

பேசவில்லை. அன்றைக்கு ஒன்பதாம் நாள் கேட்ட அதே மூச்சு.

"சாப்ட்டியாட்டி?" என்றேன்.

ஃபோனிலும் அழுதாள், சுவருக்கு அந்தப் பக்கமும் அழுதாள். நான் காதிலிருந்து எடுக்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து, "இன்னும் இல்லப்பா" என்றாள்.

நானும் இல்லை என்றேன்.